தெரியாதவர்கள் இடக் கை

தெரிந்த பிள்ளைகள் வலக் கையைத் தூக்க வேண்டும். தெரியாத பிள்ளைகள் இடக் கையைத் தூக்க வேண்டும். ஒரு பிள்ளையும் கையைக் கீழே வைத்திருக்கக் கூடாது. பாடம் பார்க்க வந்து பின்வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்கக் கூடாது என்பது டீச்சருக்கு மட்டும் தெரியும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ. ஹட்டனுக்கு மேலே சுபாஷினி படித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடந்தது. அங்கே அவள் எப்போதும் வலக் கை. பக்கத்தில் இடக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

இப்போது அவளே டீச்சர். கொட்டாஞ்சேனையில், மாடி ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற ஒரு தமிழ்ப் பாடசாலையில், தரம் ஐந்து. முப்பத்துநான்கு பிள்ளைகள். வலக் கை பதினொன்று, இடக் கை இருபத்துமூன்று. அந்த இருபத்துமூன்றில் ஒன்று அவள் பெற்ற மகள் ஹம்சிகா.

ஆரம்பம் இப்படி இருக்கவில்லை. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, விடிய விடியக் கொட்டிய மழை விட்டிருந்தது. பிள்ளைகள் வாசலில் நின்று காலுறையைப் பிழிந்தார்கள். வகுப்பறை முழுக்க ஈரச் சப்பாத்து வாடை. அன்றைய பாடம் நீர்வட்டம். ஆவியாதல், ஒடுங்கல், படம், அம்புக்குறி. சுபாஷினி புத்தகத்தைத் திறந்தாள், வாசலில் நின்ற சப்பாத்துகளைப் பார்த்தாள், புத்தகத்தை மூடிவிட்டாள்.

"யார் யார் வீட்டு ஒழுங்கையில தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டாள். சந்துகளில் குடியிருக்கிற பாதி வகுப்பு கை தூக்கியது, எந்தக் கை என்ற கணக்கில்லாமல். "சரி. ஏன் நிக்குது?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இது அவள் பயிற்சிக் கல்லூரியில் படித்து, வேறு எல்லாவற்றையும் மறந்தும் மறக்காமல் வைத்திருந்த ஒரே வித்தை. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பத்துவரை எண்ணுவது லேசான வேலை இல்லை. நாலிலேயே நாக்கு துருதுருக்கும், பதிலைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். ஏழில் ஒரு பிள்ளை, "குப்பை டீச்சர்" என்றது. புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவரின் மகள் றலியா, "குப்பை இல்ல, பொலித்தீன். குப்பை மண்ணோட மண்ணா உக்கிரும், பொலித்தீன் உக்காது" என்று எழுந்து நின்றாள். பின்னாலிருந்து ஒன்று, "கடல் நெறஞ்சிட்டுது, அதான் தண்ணிக்குப் போக எடமில்ல" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். சுபாஷினி சிரிக்கவில்லை. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நெறஞ்சிருக்கான்னு." முப்பத்துநான்கும் ஜன்னலுக்கு ஓடின. நாற்பது நிமிடப் பாடம் எண்பது நிமிடம் ஓடியது. மணி அடித்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாகப் படிப்பிக்கிறாள், அப்படியொரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை.

நடைபாதையில் போன பாடசாலை அதிபர் அருள்நாயகி நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். இடைவேளையில் கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரி, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வெள்ளை நூல் சேலை, மூக்கில் நழுவுகிற கண்ணாடி.

"இதைத்தான் பிள்ளை அவை கேக்கினம்!" என்று மேசையில் கிடந்த கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கையைத் தட்டினார். நாலு பக்கம். 'மாணவரிடையே ஆழ்ந்த சிந்தனையை வளர்த்தல்' என்று தலைப்பு. "நவம்பர் ரெண்டாம் வியாழன் மதிப்பீட்டுக்கு வாறினம். உம்மட இந்தப் பாடத்தைத்தான் காட்டப் போறன். பிள்ளையள் என்னென்ன சொன்னவை எண்டு எழுதித் தாரும்."

சுபாஷினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று பின்னேரமே உட்கார்ந்து பிள்ளைகள் சொன்னதையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதினாள். எழுதும்போது கை சும்மா இருக்குமா? "உக்கிரும்" என்பதை "உக்கும் தன்மையுடையது" என்று ஆக்கினாள். கடல் நிறைந்த கதையை விட்டுவிட்டாள். ஒன்றிலிருந்து எட்டுவரை இலக்கம் போட்டாள். தன் கையாலேயே செய்த அந்தக் காரியத்துக்காக அவள் பிறகு எத்தனையோ தடவை தன்னைத் திட்டிக்கொண்டாள். மறுநாள் அந்தத் தாள் போட்டோகொப்பியாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரு பிள்ளையின் பெயர், சிலதுக்கு மாற்றுக்கு இன்னொரு பெயர்.

"பாடமாக்க வையும்" என்றார் அதிபர்.

"மெடம், அது... அதுகளா யோசிச்சுச் சொன்னது. பாடமாக்கினா..."

"யோசிச்சதைத்தானே பாடமாக்கச் சொல்லுறன்? வேற ஆற்றையும் பதிலையே?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியது. "இஞ்ச பாரும் சுபாஷினி. போன முறை எங்களுக்கு எத்தினை புள்ளி எண்டு உமக்குத் தெரியும். மண்டபக் கூரை ஒழுகுது. முதலாம் வகுப்புக்கு இந்த வருஷம் பத்தொன்பது பிள்ளையள். இன்னும் குறைஞ்சா பக்கத்துப் பள்ளிக்கூடத்தோட சேத்துப் போடுவினம். எனக்கு மட்டும் மனம் இல்லையே? அண்டைக்கு ஆராவது எழும்பி கடல் நிரம்பிப்போச்சு எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?"

பிறகு சொல்ல வேண்டியதில்லாததையும் சொன்னார். "உம்மட இணைப்புக் கடிதமும் டிசம்பரோட முடியுதெல்லே."

முடிகிறது. சுபாஷினியின் நியமனம் மலையில், ஒரு தோட்டப் பாடசாலைக்கு. கணவன் கொழும்பில் வேலை என்று காரணம் காட்டி, இரண்டு வருடத்துக்குத் தற்காலிக இணைப்பில் இங்கே வந்தவள். அதிபர் சிபாரிசு எழுதினால் இன்னும் இரண்டு வருடம். எழுதாவிட்டால் ஜனவரி முதல் கிழமை பெட்டியைக் கட்ட வேண்டும். புருஷன் இங்கே, அவள் அங்கே, பிள்ளை எங்கே என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்கு எத்தனை பத்து எண்ணினாலும் பதில் வரப் போவதில்லை.

அப்படித்தான் ஒத்திகை தொடங்கியது. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. தினமும் மூன்றாம் பாடவேளை "ஏன் தண்ணி நிக்குது?" என்று அவள் கேட்பாள். இப்போது பத்து எண்ணத் தேவையில்லை. இரண்டு எண்ணுவதற்குள் றலியா எழுந்து, "பொலித்தீன் உக்கும் தன்மையற்றது. ஆகவே அது வடிகானை அடைத்து நீரோட்டத்தைத் தடை செய்கின்றது" என்று மூச்சுவிடாமல் ஒப்புவிப்பாள். இடையில் யோசிக்கிற மாதிரி தாடையில் விரல் வைக்க வேண்டும் என்று அதிபர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதையும் பிசகாமல் செய்வாள்.

ஹம்சிகாவுக்கும் முதலில் வலக் கைதான். ஆறாவது பதில் அவளுடையது. மதிப்பீட்டுக்கு முந்திய கிழமை அதிபர் வாசலில் நிற்கும்போது, ஆறாவது பதிலைச் சொல்லாமல் அவள் வேறொன்று சொன்னாள்.

"டீச்சர்," பள்ளிக்கூடத்தில் அம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும், "பக்கத்து ஒழுங்கையிலயும் குப்பை இருக்கு, பொலித்தீன் இருக்கு. அங்க ஏன் தண்ணி நிக்கல?"

 முதல் நாள் வகுப்பு ஒரு நொடி திரும்பி வந்தது. முப்பத்துமூன்று தலைகள் ஹம்சிகா பக்கம் திரும்பின. வாசலில் இருந்து அதிபரின் கண்ணாடியும் திரும்பியது.

"அது இதுல இல்லம்மா" என்றாள் சுபாஷினி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அந்தப் பிள்ளைக்கு இடக் கை குடும்" என்றார் அதிபர். "உம்மட மகள் எண்டு பாக்காதையும்."

*

அவர்கள் இருப்பது மெயின் வீதியிலிருந்து இறங்குகிற ஓர் ஒழுங்கையில், கீழ்வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறையில். மழை வந்தால் தண்ணீர் வாசற்படிவரை வரும். அன்றும் வந்தது. சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்து, குடையை அக்குளில் இடுக்கி, ஒரு கையில் கொப்பிக் கட்டு, மறு கையில் மகள் என்று வந்து சேர்ந்து, மேசைமேல் சாமான்களை ஏற்றி, வாசலில் சாக்கு போட்டு, மாவு பிசைந்தாள். தேங்காய் துருவிப் போட்ட ரொட்டி. உள்ளிக்கும் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய் கூட வைத்து இடித்த கட்டச் சம்பல். புஷ்பராஜுக்கு அது இருந்தால் கறி வேண்டாம்.

புஷ்பராஜ் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்டில் வேலை. வருகிற பெட்டியின் இலக்கம், சீல் இலக்கம், எங்கே நெளிந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும். மழையென்று பெட்டி காத்திருக்காது. மழைக்கோட்டோடு பூட்ஸும் சேறுமாக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னா புள்ள இது, தண்ணிக்குள்ள ஒக்காந்துகிட்டு?"

ஹம்சிகா வாசற்படியில் குந்தி அடிமட்டத்தைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, நாங்க வந்தப்ப இதுல ரெண்டு படி இருந்திச்சுதானே?"

"ஆமா. இருந்திச்சு."

"இப்ப ஒன்னுதான் இருக்கு. மத்தது எங்க?"

புஷ்பராஜ் குனிந்து பார்த்தான். "அட, ஆமாடா. போன வருசம் தார் ஊத்தி ஒசத்திக் காபட் ரோட்டு போட்டானுங்கல்ல. அதுக்குள்ள போயிருச்சு."

"பக்கத்து ஒழுங்கையில போடல" என்றாள் ஹம்சிகா. "அங்க ரெண்டு படியும் இருக்கு. மழைத்தண்ணி போற கான் வாயும் தெரியுது. நம்ம கான் வாய் எங்கன்னு தேடிப் பாத்தேன். தார்தான் இருக்கு."

உள்ளே ரொட்டி கருகுகிற வாடை வந்தது. சுபாஷினி தட்டிக்கொண்டிருந்த மாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு புத்தகத்தையும் பார்க்காமல், இரண்டு ஒழுங்கையை வைத்து ஒப்பிட்டு அவள் கண்டுபிடித்திருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கட்டிக்கொண்டால் அடுத்தது என்ன கேட்பாள்? நாளைக்கு வகுப்பில் சொல்லட்டுமா என்று கேட்பாள். சுபாஷினி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

சாப்பிடும்போது புஷ்பராஜ்தான் பேச்செடுத்தான். "அந்த மெடம் லெட்டர் தருவாங்களா?"

"வியாழன் நல்லா முடிஞ்சா தருவாங்க."

"முடியும். ஒனக்கென்னா. ஒன்னய மாதிரி படிச்சுக் குடுக்க ஆளில்ல."

"படிச்சா குடுக்கிறேன் இப்ப? நாடகம் போட்டுகிட்டு இருக்கேன்." அவள் வலக் கை இடக் கைக் கதையைச் சொன்னாள். புஷ்பராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடேங்கப்பா, இன்னும் இருக்கா அது? நான் எடக் கையத் தூக்கித் தூக்கியே தோள் வலிச்சு வளர்ந்தவன்." சம்பலை வழித்து ரொட்டிக்குள் வைத்தான். "அது சரி, நம்ம புள்ளைக்கு எந்தக் கை?"

சுபாஷினி சம்பல் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். ஹம்சிகா சொன்னாள், "எடக் கை."

சுருட்டிய ரொட்டி வாய்க்குப் போகாமல் புஷ்பராஜின் கையிலேயே நின்றது. மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "ரொட்டி ஆறுது, சாப்பிடு" என்று யாருக்கோ சொன்னான். 

*

வியாழன் வந்தது, மழையோடு. மதிப்பீட்டுக் குழுவில் நாலு பேர். ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர் கிருபாகரன் சேர். நரைத்த மீசை, ஈரமான காற்சட்டை விளிம்பு, மடியில் கோப்பு. பின்வரிசையில் குட்டி நாற்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். வாசலில் அதிபர். கீழே சிற்றுண்டிச்சாலையில் கட்லட்டும் ரோல்ஸும் மூடி வைத்திருந்தார்கள், வாடை மாடிவரை வந்தது.

பாடம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஏன் என்று அவள் கேட்க முப்பத்துநான்கு கையும் எழும்பின. வலக் கை, வலக் கை என்று தேடிக் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதில்கள் வரிசையாக வந்தன. றலியா தாடையில் விரல் வைத்தாள். ஹம்சிகாவின் இடக் கை மற்றக் கைகளோடு ஒழுங்காக எழும்பி ஒழுங்காக இறங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க சுபாஷினி கரும்பலகைப் பக்கம் அடிக்கடி திரும்பினாள்.

எட்டாவது பதிலோடு முடிய வேண்டியது. கிருபாகரன் சேர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார்.

"நல்லம் பிள்ளையள். மிச்சம் நல்லம். நான் ஒண்டு கேக்கட்டே?" ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "நான் வரேக்க பாத்தனான். இந்தப் பக்கத்து ஒழுங்கை ஒண்டில முழங்கால் தண்ணி. அதுக்கு அடுத்ததில தண்ணியே இல்லை. குப்பை ரெண்டிலயும் கிடக்கு. அப்ப ஏன் அப்பிடி?"

வகுப்பு அசையவில்லை. இது எட்டில் இல்லாத கேள்வி. பிறகு, சொல்லிக் கொடுத்ததை மறக்காத நல்ல பிள்ளைகள் என்பதால், தெரியாதவர்கள் எல்லோரும் இடக் கையைத் தூக்கினார்கள். பதினொரு வலக் கைப் பிள்ளைகளும் இடக் கையைத் தூக்கினார்கள். றலியாவும் தூக்கினாள்.

"ஆ!" என்றார் கிருபாகரன் சேர், முகமெல்லாம் சிரிப்பாக. "எல்லாருக்கும் தெரியுதே! நீங்களே ஒராளைக் கேளுங்கோ டீச்சர்."

முப்பத்துமூன்று இடக் கைகளுக்கு நடுவில், இரண்டாம் வரிசையில், ஒரு வலக் கை. நுனிக்காலில் நின்று, தோள் காதில் முட்டத் தூக்கிய கை.

சுபாஷினி எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. கேட்டால் சொல்லுவாள். படி, கான் வாய், தார் எல்லாம் சொல்லுவாள். மூன்று, நாலு. அவர் விட மாட்டார், அருமை மகள், இதை எப்போது யோசித்தீர் என்று கேட்பார். ஐந்து. முந்தியே கேட்டேன் சேர், டீச்சர் அது இதுல இல்லைன்னு சொன்னாங்க என்பாள். பொய் சொல்ல அவளுக்கு யாரும் பழக்கவில்லை. ஆறு. வாசலில் அதிபரின் தலை, அசைந்ததா அசையவில்லையா என்று சொல்ல முடியாதபடி, இல்லை என்று அசைந்தது. ஏழு. முதல் நாள் ஏழில்தான் ஒரு பிள்ளை வாய் திறந்தது.

"றலியா" என்றாள் சுபாஷினி.

றலியா திடுக்கிட்டு டீச்சரைப் பார்த்தாள். இடக் கை இன்னும் மேலேயே இருந்தது. ஏதோ பிழை நடந்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் கெட்டிக்காரி. எழுந்து, தாடையில் விரல் வைத்து, "பொலித்தீன் உக்கும் தன்மையற்றது. ஆகவே அது வடிகானை அடைத்து..." என்று தொடங்கி மூச்சுவிடாமல் முடித்தாள். கிருபாகரன் சேர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "சேர், தேத்தண்ணி ஆறுது" என்றார் அதிபர்.

இரண்டாம் வரிசையில் அந்தக் கை உடனே இறங்கவில்லை. மணி அடித்து, பிள்ளைகள் வணக்கம் சொல்ல எழும்பியபோதுதான் இறங்கியது.

*

தேத்தண்ணி மேசையில் கிருபாகரன் சேர் கட்லட்டைப் பிட்டுக்கொண்டு, "டீச்சர், ஒண்டு கேக்க வேணும்" என்றார். "ரெண்டாம் வரிசையில ஒரு பிள்ளை துள்ளித் துள்ளிக் கை தூக்கினது. ஏன் அதைக் கேக்கேல்லை?"

அதிபரின் கோப்பை சாசரில் கிணுங்கியது.

"அது... என்னோட மகள் சேர்" என்றாள் சுபாஷினி. "சொந்தப் புள்ளையக் கேட்டா மத்தப் புள்ளைங்க..."

அவர் கட்லட்டைக் கீழே வைத்தார். கண் கலங்கின மாதிரிக்கூட இருந்தது. "இப்பிடியும் ஆக்கள் இருக்கினம்" என்றார் அதிபரிடம். கோப்பைத் திறந்து, 'பாரபட்சமற்ற ஆசிரியை' என்று அவள் கண்முன்னாலேயே எழுதினார். அவளுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? வெள்ளவத்தையில் அடுத்த மாதம் ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு இருக்கிறதாம். பிள்ளைகளை யோசிக்க வைப்பது எப்படி என்று காட்ட ஒரு மாதிரிப் பாடம் தேவையாம். இதே பாடம், இதே பிள்ளைகள். வேன் அனுப்புவார்களாம். "முப்பது பள்ளிக்கூடத்து டீச்சர்மார் பாக்கட்டும்" என்றார்.

அவர்கள் போன பிறகு அதிபர் மேசையில் உட்கார்ந்து, அவள் முன்னாலேயே சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கடிதத்தை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளை கெட்டிக்காரிதான். எனக்குத் தெரியும்" என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "வெள்ளவத்தைக்குப் போகேக்க மட்டும் இடக் கைதான் எண்டு சொல்லி வையும்" என்றார்.

வீட்டுக்கு நடந்தார்கள். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். ஹம்சிகா கையை உருவிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்து, முன்னால் போனாள். சுபாஷினி கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். இனி இரண்டு வருடத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. அவளே கேட்டதுதான். இந்த ஒழுங்கை, இந்த வகுப்பு, இந்தக் கேள்வி, இந்த எட்டுப் பதில்.

புஷ்பராஜ் அன்று வெள்ளென வந்து பேக்கரியில் பாண் வாங்கி வைத்திருந்தான். கடிதத்தைப் படித்துவிட்டு, "இனி நிம்மதி" என்று இரண்டு தரம் சொன்னான். பருப்புக் கறி சூடாக்கி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். வாசலில் சாக்கு நனைந்து ஊறியிருந்தது.

சுபாஷினி பாணை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். வீட்டிலாவது கேட்டுவிட வேண்டும். இங்கே அதிபர் இல்லை, கோப்பு இல்லை.

"ஹம்சி," என்றாள். "அந்த சேர் கேட்டாருல்ல. நம்ம ஒழுங்கையில மட்டும் ஏன் தண்ணி நிக்குது? சொல்லு. அம்மா கேக்கிறேன். நெசமாத்தான் கேக்கிறேன்."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பத்து இல்லை, நூறுவரை எண்ணவும் இன்று அவள் தயார். ஒன்று. ஹம்சிகா பாண் துண்டைப் பருப்பில் தோய்த்தாள். இரண்டு. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அம்மாவின் முகத்தை, டீச்சரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி, நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றில் இடக் கையைத் தூக்கினாள்.